விதி போய்விட்டது, சுற்றம் ஏன் இன்னும் வரவில்லை?

இந்த மாதம் நம் வட்டத்தில் படிக்கப்போவது திருக்குறளின் 53ஆம் அதிகாரம், சுற்றந்தழால். தழால் என்றால் தழுவிக்கொள்வது. உறவுக்காரர்களை விட்டுவிடாமல் அணைத்துக்கொள்வது எப்படி என்பதுதான் இந்தப் பத்துக் குறளின் விஷயம்.

வழக்கமாக இந்த அதிகாரத்தை எடுத்தால், "சொந்தபந்தத்தை மதிக்கணும், தீபாவளிக்குப் போய்ப் பார்க்கணும்" என்று சொல்லி முடித்துவிடுவோம். இந்த முறை அப்படி வேண்டாம். நம்ம காலத்தில், நம்ம வீடுகளில் உண்மையாக நடந்த ஒரு பிரிவை எதிரில் வைத்துக்கொண்டு படிக்கலாம். கோவிட் காலத்தில் ஊசி போட்டவங்க, போடாதவங்க என்று குடும்பங்கள் இரண்டாகப் போனதே, அந்தப் பிரிவு.

"அது பழைய கதை, இப்ப எதுக்குக் கிளறணும்?" என்று சிலர் கேட்கலாம். கட்டுப்பாடு எல்லாம் எடுத்து வருஷக்கணக்கில் ஆகிவிட்டது. ஆனால் சில வீடுகளில் அக்கா தம்பி இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதனால்தான்.

குறள் என்ன சொல்கிறது?

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். இந்த அதிகாரம் பொருட்பாலில், அரசியல் என்ற பகுதியில் வருகிறது. உறவைக் காப்பாற்றுவதை வள்ளுவர் நாட்டை ஆளுகிறவனுக்குச் சொல்கிறார். அது ஏதோ பாட்டிமார்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை என்று அவர் நினைக்கவில்லை. அரசனுக்கே இது ஒரு திறமை, கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம்.

நமக்கு இன்று முக்கியமானவை கடைசி இரண்டு குறள்கள், 529, 530. 529இன் கருத்து இது: நம்மவராக இருந்து நம்மை விட்டுப் போனவர்கள், போனதற்கான மனக்கசப்பின் காரணம் இல்லாமல் போனால், தாங்களாகவே வந்து சேருவார்கள். 530 அதற்கு அடுத்த படி. பிரிந்து போய் ஏதோ ஒரு காரணத்தால் திரும்பி வருகிறவனுக்கு, வேண்டியதைச் செய்து கொடுத்து, யோசித்து, ஏற்றுக்கொள்ள வேண்டும்.

529ஐ ஒரு பொறியியல் மாணவன் கண்ணோடு பாருங்கள். அது ஒரு சோதனை முறை மாதிரி இருக்கிறது. காரணத்தை எடுத்தால் விளைவு போகணும். நாம் ஒரு காரணத்தை எடுத்த பிறகும் விளைவு அப்படியே இருந்தால், நாம் எடுத்தது உண்மையான காரணம் இல்லை என்று அர்த்தம். இதை மனதில் வைத்துக்கொண்டு என்ன நடந்தது என்று பார்ப்போம்.

264 நாள்

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அப்போது கஷ்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாது. கோயில் மூடியிருந்தது. அந்த ஆண்டு தீபாவளிக்குப் பல வீடுகளில் வீடியோ காலில்தான் பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்கினோம். சங்கடம் இருந்தது, சண்டை இல்லை.

2021 பிப்ரவரி 24ஆம் தேதி அப்போதைய பிரதமர் டான் ஸ்ரீ முஹிடின் யாசின் முதல் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டார். அதே ஆண்டு ஜூலையும் ஆகஸ்ட்டும் நாம் மறக்கக்கூடாத மாதங்கள். ஆகஸ்ட் 26ஆம் தேதி ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று. 2020 முடிவில் நாட்டில் கோவிட்டால் இறந்தவர்கள் 500 பேருக்கும் குறைவு. 2021 முடிவில் அந்த மொத்தம் 31,000ஐத் தாண்டிவிட்டது. நம் வட்டத்திலேயே எத்தனை பேர் அந்த மாதங்களில் ஒரு தாத்தாவையோ, ஒரு பக்கத்து வீட்டு ஆண்ட்டியையோ இழந்தோம் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த நேரத்தில்தான் பிரிவு வந்தது. 2021 ஆகஸ்ட் 10 முதல், முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்களுக்கு மட்டும் சில தளர்வுகள் கிடைத்தன. இரண்டு ஊசி வகை என்றால் இரண்டாவது ஊசி போட்டு 14 நாள், ஒரே ஊசி வகை என்றால் 28 நாள் ஆகியிருக்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் கட்டம் வேறுபட்டாலும், உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதிலிருந்து வேறு மாநிலத்தில் வேலை செய்யும் கணவன் மனைவி சந்திப்பது வரை, மைசெஜாத்ராவில் இருக்கும் சான்றிதழ்தான் கதவைத் திறந்தது. பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் ஊசி போட்டு முடித்ததும், அக்டோபர் 11 முதல் மாநிலம் கடந்து போகவும் அனுமதி கிடைத்தது. அதுவும் ஊசி போட்டவர்களுக்குத்தான். சரியாக 24 நாள் கழித்து, நவம்பர் 4, தீபாவளி.

பல மாதமாக ஊருக்குப் போகாதவர்கள் காரை எடுத்தார்கள். அதே குடும்பத்தில் ஊசி போடாத ஒருவர் வீட்டிலேயே இருந்தார். சிங்கப்பூரில் இருக்கும் நம் சொந்தக்காரர்களுக்கும் இதே நிலைமைதான். அங்கே அக்டோபர் 13 முதல் ஊசி போடாதவர்கள் உணவங்காடியில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, பேரங்காடிக்குள் போக முடியாது. அந்த வேறுபாடுகள் முழுவதும் நீங்கியது 2022 அக்டோபர் 10ஆம் தேதி.

மலேசியாவில் 2022 மே 1ஆம் தேதி, ஊசி போட்டவர் போடாதவர் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் எந்த இடத்துக்கும் போகலாம் என்று ஆனது. ஆகஸ்ட் 10இல் இருந்து கணக்குப் போட்டால் 264 நாள். அவ்வளவுதான் அந்த விதியின் ஆயுசு. ஒன்பது மாதம்கூட இல்லை.

529ஆம் குறளின் சோதனையை இப்போது வைத்துப் பாருங்கள். காரணம் அந்த விதி என்றால், 2022 மே மாதமே எல்லாரும் திரும்பி வந்திருக்க வேண்டும். நிறைய வீடுகளில் வந்தார்கள். சில வீடுகளில் வரவில்லை. வராத வீடுகளில் காரணம் வேறு.

விதி தப்பா?

இதைப் பேசாமல் தாண்டிப் போனால் வட்டத்தில் சண்டை வரும், அதனால் நேராகவே பேசிவிடுவோம். அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் இரண்டு தவறான வாக்கியங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று, "ஊசி போட்டவங்க கிருமியைப் பரப்ப மாட்டாங்க". இன்னொன்று, "ஊசி போட்டும் வருதே, அப்ப ஊசி வேஸ்ட்டு".

ஊசி போட்டவர்களுக்கும் தொற்று வந்தது, அவர்களும் பரப்பினார்கள். டெல்தா வகை வந்தபோதே அது தெரிந்தது. ஒமிக்ரோன் வந்தபோது நம்மில் பாதிப் பேர் வீட்டிலேயே அதைப் பார்த்துவிட்டோம். ஆனால் ஊசி கடுமையான நோயையும் சாவையும் நன்றாகவே குறைத்தது. மோட்டார் ஓட்டும்போது தலைக்கவசம் போடுகிறோம். அது விபத்தே வராமல் தடுக்காது. விழுந்தால் மண்டை உடையாமல் காப்பாற்றும். அன்று மருத்துவமனையில் படுக்கைக்கும் பிராணவாயுவுக்கும் தட்டுப்பாடு. அதனால் கூட்டம் கூடும் இடங்களில், கடும் நோய்க்கு ஆளாகக்கூடியவர்களைக் கொஞ்ச காலம் உள்ளே விடாமல் வைப்பதில் நியாயம் இருந்தது.

அந்த விதி பேசியது ஒரு வாசலைப் பற்றி, ஒரு காலத்தைப் பற்றி. "இந்த இடத்துக்கு இப்ப வர முடியாது", அவ்வளவுதான். அதை "நீ எப்படிப்பட்ட ஆள்" என்ற தீர்ப்பாக மாற்றியது நம்ம வீட்டு வாட்ஸ்அப் குழுக்கள்.

"போடாதவங்க" என்று ஒரே கூட்டம் கிடையாது

கடுமையான ஒவ்வாமையால் மருத்துவரே வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு. கொஞ்சப் பேர்தான், ஆனால் உண்டு. திறன்பேசி இல்லாத, மைசெஜாத்ராவில் எப்படிப் பதிவு செய்வது என்று தெரியாத முதியவர்கள் உண்டு. அடையாள ஆவணம் சரியாக இல்லாததால் எந்த முகப்புக்குப் போகவும் தயங்குகிறவர்கள் நம் சமூகத்தில் இன்னும் இருக்கிறார்கள். ஊசி என்றாலே பயப்படுகிறவர்கள் உண்டு. பிறகு, வந்த செய்தியை எல்லாம் நம்பியவர்கள்.

அந்தச் செய்திகளில் பல சுத்தப் பொய். ஊசிக்குள் சிப் இருக்கிறது, அது நம்மைப் பின்தொடரும் என்று ஒரு செய்தி சுற்றியது. ஊசியில் போகும் மருந்து அரை மில்லிலிட்டர், அல்லது அதற்கும் குறைவு. அதில் ஒரு சிப் இருந்து, அதற்கு ஆண்டெனா இருந்து, மின்கலமும் இருந்து, அது எங்கேயோ இருக்கும் கோபுரத்துக்குச் செய்தி அனுப்புமா? அப்படி ஒரு சிப்பைச் செய்யத் தெரிந்தால் என் விரிவுரையாளர் எனக்கு இன்றைக்கே பட்டம் கொடுத்துவிடுவார். பொய்யைப் பொய் என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் பொய்யை நம்பியவரும் பொய்யும் ஒன்று இல்லை. பெரும்பாலும் பயந்தவர்தான் பொய்யை நம்புகிறார்.

ஐந்து தடவை "ஏன்?"

தொழிற்சாலையில் ஒரு கோளாறு வந்தால் மூல காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு முறை சொல்லிக் கொடுக்கிறார்கள். ஜப்பானில் டொயோட்டா நிறுவனத்தில் வளர்ந்த முறை. வந்த பதிலுக்கே திரும்பவும் "ஏன்?" என்று கேட்க வேண்டும். ஐந்து தடவை கேட்டால் பொதுவாக அடிவேர் தெரியும். இதை ஒரு குடும்பச் சண்டைக்கு வைத்துப் பார்க்கலாம். என் அம்மா வழிக் குடும்பத்தில் நடந்தது இது. அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2021 கடைசியில் பெரியம்மா மகளுக்குக் கல்யாணம். எனக்கு அப்போது 17 வயது. டேவானில் ஊசி போட்டவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. அம்மாவின் தம்பி, என் மாமா, ஊசி போடவில்லை. மணப்பெண்ணுக்கு அவர்தான் தாய்மாமன். தாய்மாமன் சீர் இல்லாத கல்யாணம் என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அன்றிலிருந்து, எல்லாரும் கூடும் நாளில் மாமா பாட்டி வீட்டுக்கு வருவதில்லை. யாரும் இல்லாத வார நாளில் தனியாக வந்து, தன் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

மாமா ஏன் வருவதில்லை? கல்யாணத்தில் இருந்து கோபம்.

ஏன் கோபம்? கல்யாணத்துக்கு வர முடியவில்லை என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆனால் அவர் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்: "டேவான் வாசல்ல நிக்க வச்சிடுவாங்கக்கா, நான் வரல. நீங்க நல்லபடியா நடத்துங்க." விதியை அவர் ஏற்றுக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஏன்? சீர் தட்டை எடுக்க வேறு ஒருவரை ஏற்பாடு செய்ததை அவரிடம் யாரும் சொல்லவே இல்லை. தன் இடத்தில் இன்னொருவர் மாலையோடு நிற்பதை அவர் பேஸ்புக் படத்தில்தான் பார்த்தார்.

ஏன் யாரும் சொல்லவில்லை? குடும்பக் குழுவில் நடந்த சண்டைக்குப் பிறகு யாருக்கும் அவரைக் கூப்பிட மனம் வரவில்லை.

ஏன் அந்தச் சண்டை? ஊசி போட்டவர்கள் இரண்டு வருஷத்தில் செத்துப்போவார்கள் என்று வந்த ஒரு செய்தியை மாமா குழுவில் போட்டார். பாட்டி அப்போதுதான் இரண்டாவது ஊசி போட்டிருந்தார். எல்லாருக்கும் ஆத்திரம். ஒருவர், "உன்னால அம்மாவுக்கு ஏதாச்சும் ஆனா நீதான் கொலைகாரன்" என்று எழுதினார். மாமா குழுவை விட்டு வெளியே போய்விட்டார்.

மாமா ஏன் அந்தச் செய்தியைப் போட்டார் என்பது வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவரோடு பட்டறையில் வேலை பார்த்தவர் ஊசி போட்ட வாரத்தில் மாரடைப்பில் இறந்துபோனார். ஊசியால்தான் இறந்தார் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. ஆனால் மாமா கண்ணால் பார்த்தது அந்தச் சாவை. அவர் பயந்துபோயிருந்தார். தன் அம்மாவுக்காகவும் பயந்தார். அதைச் சொல்லத் தெரியாமல் ஒரு பொய்ச் செய்தியை எடுத்துப் போட்டார். "ஏன்டா பயப்படுற?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்த ஐந்து பதிலையும் திரும்பப் படியுங்கள். அடியில் இருக்கும் காரணம் மைசெஜாத்ராவும் இல்லை, டேவான் வாசலும் இல்லை. ஒரு சொல்லும், சொல்லாமல் விட்ட ஒரு செய்தியும்தான். விதியை எடுத்தபோது இந்த இரண்டும் அப்படியே உள்ளே இருந்துவிட்டன. அதனால்தான் சுற்றம் திரும்பவில்லை.

அம்மை போட்ட வீடு

நோய்க்காக ஒதுங்கி இருப்பது நமக்குப் புதுசு இல்லை. ஒரு வீட்டில் அம்மை போட்டால் என்ன செய்வார்கள்? வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்தாலே வெளியாட்கள் உள்ளே வர மாட்டார்கள். அந்த வீட்டுக்காரர்களும் கல்யாணம், விசேஷம் எதற்கும் போக மாட்டார்கள். சின்னம்மைக்கு இன்றும் பல வீடுகளில் இதைச் செய்கிறோம்.

அந்த வீட்டைப் பற்றி யாரும் கேவலமாகப் பேசுவதில்லை, கவனித்தீர்களா? படுத்திருப்பவரை "ஆத்தா வந்திருக்கா" என்று மரியாதையோடுதான் சொல்வார்கள். மோரும் இளநீரும் கூழும் வரும். பக்கத்து வீட்டார் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். குணமானதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அன்றோடு ஒதுக்கம் முடிந்தது. அதற்குப் பிறகு, "நீ அம்மை போட்டவன்தானே" என்று யாரும் தள்ளி வைப்பதில்லை.

ஆக, அந்தப் பழக்கத்தில் மூன்று விஷயம் இருந்தது. ஒதுங்குவதற்கு ஒரு காரணம். ஒதுங்கியவருக்கு மரியாதையும் சாப்பாடும். ஒதுக்கம் முடிய ஒரு நாள். இந்த மூன்றும் இல்லாமல் மனிதர்களை ஒதுக்கி வைத்த கறையும் நம் சமூக வரலாற்றில் இருக்கிறது. சாதியின் பெயரால் நடந்த தீண்டாமைக்கு நோயும் காரணம் இல்லை, முடியும் நாளும் இல்லை, மரியாதை என்ற பேச்சே இல்லை. நாம் யாரையாவது ஒதுக்கும்போது நம்முடைய ஒதுக்கம் இந்த இரண்டில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. வேப்பிலை கட்டிய அதே மக்கள்தான் அம்மை குத்திக்கொள்ளவும் கையை நீட்டினார்கள். வயதான பாட்டிமார்களின் மேல்கையில் அந்தத் தழும்பை இன்றும் பார்க்கலாம். பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. அது தடுப்பூசியால் நடந்தது. பக்தி வேறு, மருந்து வேறு என்று சண்டை போட்டுக்கொள்ள நம் பெரியவர்களுக்குத் தேவை இருக்கவில்லை.

சொல்லுக்கு நாலு சோதனை

சொல்தான் காரணம் என்றால் சொல்லை எப்படிச் சோதிப்பது? பகவத் கீதையின் 17ஆம் அத்தியாயத்தில் வாக்கினால் செய்யும் தவம் என்று ஒன்றைக் கண்ணபிரான் சொல்கிறார். அதில் நாலு சோதனை இருக்கிறது. கேட்பவரைக் கலங்க வைக்காத சொல்லா? உண்மையா? இனிமையா? நன்மை செய்யுமா? நாலும் சேர்ந்து இருக்க வேண்டும்.

நம்மில் பலர் உண்மை என்ற ஒரே சோதனையோடு நிறுத்திவிடுகிறோம். "நான் உண்மையைத்தானே சொன்னேன்?" என்று கேட்கிறோம். ஊசி பற்றி எங்கள் குடும்பத்தில் சொன்ன மருத்துவம் உண்மைதான். ஆனால் "கொலைகாரன்" என்ற சொல் மற்ற மூன்றிலும் தோற்றது. மாமா அனுப்பிய செய்தியோ நாலிலுமே தோற்றது.

அதே விஷயத்தை நாலு சோதனையும் தாண்டும்படி சொல்ல முடியுமா? முடியும். இப்படி ஒரு போன் போதும்: "மாமா, டேவான்ல சான்றிதழ் இல்லாம விட மாட்டாங்க, அது நம்ம கையில இல்ல. சீர் தட்டை உங்க வீட்லேர்ந்துதான் எடுத்துட்டுப் போறோம். தாலி கட்டி முடிஞ்சதும் பொண்ணு மாப்பிள்ளைய உங்க வீட்டு வாசலுக்கே கூட்டிட்டு வர்றோம். நீங்க வாசல்ல நின்னே ஆசீர்வாதம் பண்ணுங்க." விதி மீறவில்லை. பொய் சொல்லவில்லை. தாய்மாமன் தாய்மாமனாகவே இருந்திருப்பார்.

காட்டில் தருமர் செய்தது

மகாபாரதம் வனபர்வத்தில் ஒரு சம்பவம். பாண்டவர்கள் காட்டில் கஷ்டப்படுவதைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே துரியோதனன் படையோடு வருகிறான். வந்த இடத்தில் சித்திரசேனன் என்ற கந்தர்வனோடு மோதி, சிறைப்படுகிறான். வீமனுக்கு அது சந்தோஷமான செய்தி. தருமர் விடவில்லை. நமக்குள் சண்டை இருக்கலாம், ஆனால் வெளியிலிருந்து ஆபத்து வரும்போது அவன் நம் குடும்பம் என்று சொல்லி, தம்பிகளை அனுப்பி மீட்டு வரச் செய்கிறார்.

துரியோதனன் திருந்திய பிறகு உதவவில்லை, மன்னிப்புக் கேட்ட பிறகும் இல்லை. கேலி செய்ய வந்த அன்றே உதவினார். 2021 ஜூலையில் நம் நாட்டில் வெள்ளைக் கொடி ஏற்றிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் ஒரு வெள்ளைத் துணியை வெளியே கட்டினால், யார் எவர் என்று பார்க்காமல் அரிசி, பால்மாவு கொண்டுபோய்க் கொடுத்தோம். "ஊசி போட்டாச்சா?" என்று யாரும் கேட்கவில்லை. முன்பின் தெரியாதவருக்கு அதைச் செய்த நாம்தான் சொந்த மாமாவுக்கு ஒரு போன் செய்யாமல் இருந்தோம்.

இன்னொரு உண்மையையும் மறைக்கக்கூடாது. மீட்கப்பட்ட துரியோதனன் நண்பனாக மாறவில்லை. வெட்கப்பட்டு, பட்டினி கிடந்து உயிரை விடப்போகிறேன் என்றான். நாம் நல்லது செய்தால் எதிரே இருப்பவர் உடனே கட்டிப்பிடித்துக்கொள்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். 529ஆம் குறளும் நம் பக்கம் இருக்கும் காரணத்தை எடுக்கத்தான் சொல்கிறது. வருவது அவர் வேலை.

இளைஞர்கள் என்ன செய்யலாம்?

பெரியவர்கள் சண்டையில் சின்னப் பிள்ளைகள் தலையிடக்கூடாது என்பார்கள். தீர்ப்புச் சொல்லத்தான் கூடாது. தூது போகலாம். நமக்கு அந்தச் சலுகை உண்டு, ஏன்னா நம்மை யாரும் ஒரு கட்சியாகப் பார்ப்பதில்லை.

முதலில், ஊசி பற்றிய வாதத்தைத் திரும்ப ஆரம்பிக்காதீர்கள். யார் சரி என்று இப்போது நிரூபித்து எந்த உயிரும் திரும்பி வரப்போவதில்லை. அவரே கேட்டால் மட்டும், தெரிந்ததை அமைதியாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது, காரணமாக இருந்த சொல் எது என்று கண்டுபிடியுங்கள். பாதி வீடுகளில் சொன்னவருக்கு அது மறந்தே போயிருக்கும், கேட்டவருக்கு மறக்காது. சொன்னவரிடம் தனியாகப் போய், "அந்த வார்த்தை இன்னும் அவருக்கு வலிக்குது" என்று மட்டும் சொல்லுங்கள்.

மூன்றாவது, அவருடைய இடத்தை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள். தாய்மாமனுக்குத் தாய்மாமன் மரியாதை, அத்தைக்கு அத்தை மரியாதை. காது குத்து, பூப்பு நீராட்டு, புதுமனை புகுவிழா, எதுவாக இருந்தாலும் பொதுவாக ஓர் அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடுங்கள். 530ஆம் குறள் சொல்லும் "வேண்டியதைச் செய்து கொடுத்து" என்பது எனக்கு இப்படித்தான் புரிகிறது.

எங்கள் வீட்டில் போன தீபாவளிக்கு அம்மா ஒரு டின் முறுக்கு சுட்டு மாமா வீட்டுக்கு என் கையில் கொடுத்து அனுப்பினார். மாமா வாங்கி வைத்துக்கொண்டார், அதிகம் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து டின் திரும்பி வந்தது. அதில் அவர் வீட்டு மரத்து எலுமிச்சை நிறைய இருந்தது. கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது நம் வழக்கம். அந்த வழக்கத்தை அவர் விடவில்லை. அம்மா அன்றைக்கே ஊறுகாய் போட்டுவிட்டார். மாமா இன்னும் கூட்டத்தோடு வரவில்லை. பாட்டிக்கு 81 வயது. இந்த வருஷம் டின்னோடு அம்மாவையே கூட்டிக்கொண்டு போக இருக்கிறேன்.

வட்டத்தில் கலந்து பேச

1. உங்கள் குடும்பத்தில் யாராவது ஒருவர் எல்லாரும் கூடும் நாளில் வருவதில்லையா? பெயர் சொல்ல வேண்டாம். ஐந்து தடவை "ஏன்" கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். கடைசிப் பதில் என்ன?

2. கடந்த வாரம் நீங்கள் குடும்பக் குழுவில் அனுப்பிய ஒரு செய்தியை எடுத்து, கீதை சொல்லும் நாலு சோதனையையும் வைத்துப் பாருங்கள். எதில் தேறவில்லை? அதை எப்படி மாற்றி எழுதலாம்?

3. காரணம், மரியாதை, முடியும் நாள். இந்த மூன்றையும் வைத்து, இன்று நம் சமூகத்தில் நடக்கும் வேறு ஒதுக்கங்களைப் பாருங்கள். எவை நியாயம், எவை இல்லை?

4. பொய்ச் செய்தி அனுப்பும் ஒரு பெரியவரை, மரியாதை குறையாமல் எப்படித் திருத்துவது? இருவர் இருவராக நடித்துக் காட்டுங்கள். ஒருவர் பெரியப்பா, ஒருவர் பிள்ளை.

வீட்டுப்பாடம் ஒன்றுதான். அடுத்த வகுப்புக்கு முன்பு, ரொம்ப நாளாகப் பேசாத ஓர் உறவுக்காரருக்கு ஒரு போன் செய்யுங்கள். ஊசி பற்றிப் பேச வேண்டாம். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாலே போதும்.